மூடி

முதலில் ஆற விடணும்.
தட்டோடு மேசைமேல் வைத்து
மின்விசிறியை ஒன்றில் ஓடவிட்டு
முழுசாக ஆறும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும்.
சூட்டோடு மூடினால்
பிஸ்கட்டின் மூச்சே
பிஸ்கட்டை நனைத்துவிடும்.
மூன்று கிலோ மைதா தொலைத்துக் கற்றது இது.

ராயபுரத்தில் காற்று சும்மா வராது.
கடலில் ஒரு கால் வைத்துவிட்டுத்தான் வரும்.
உப்பு ஜாடியில் கட்டி தட்டும்.
தீக்குச்சி நாலு உரசலுக்கு நாணும்.
பொரித்த அப்பளத்தை
உடனே தின்னாவிட்டால்
கைக்குட்டை மாதிரி மடித்து வைக்கலாம்.
மொறுமொறுப்புக்கு இங்கே
பதினோரு மாத ஒப்பந்தமெல்லாம் கிடையாது.
பதினோரு நிமிடம்.

நீலத் தகர டப்பா.
எந்த வீட்டில் திறந்தாலும்
ஊசியும் நூல்கண்டும்தான் இருக்கும்.
நான் அவற்றைக் காலி செய்யச் சொல்லி
மறுபடி பிஸ்கட்டைக் குடிவைத்தேன்.
ஒரு சட்டைப் பொத்தான் மட்டும்
அடிவிளிம்பில் மாட்டிக்கொண்டு போக மறுத்தது.
இருந்துவிட்டுப் போகட்டும்.
அதன்மேல்
வறுத்த பச்சரிசி ஒரு பிடி, துணியில் முடிந்து.
அதன்மேல் வெண்ணெய்த்தாள்.
செருப்புப் பெட்டியில் வரும்
'தின்னாதே' பொட்டலத்தைப் போடலாமா என்றேன்.
சுகிர்தா பார்த்த பார்வையில்
அரிசியே போதும் என்றாகிவிட்டது.

எனக்குத் துறைமுகத்தில் கிரேன்.
இரவு ஷிஃப்ட்.
அவள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
ரத்தம் எடுக்கிறவள்.
காலை ஏழுக்கு
நான் ஏறும் படியில் அவள் இறங்குவாள்.
சாவி கை மாறும்.
பால் காய்ச்சியாச்சு. மோட்டார் போட்டுடு.
மீதியை டப்பா சொல்லும்:
நேற்று எட்டு இருந்தது, இன்று ஐந்து.
மூடி அழுந்தியிருக்கிறது,
அல்லது
அவசரத்தில் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது.

எனக்கு ஓமம் போட்டது.
கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கணும்.
அவளுக்கு வெல்லமும் தேங்காயும்.
விரல் பட்டால் குழியணும்.
அதனால் டப்பா இரண்டு.
அவளுடையதில் ஒரு பிரெட் துண்டு வைப்பேன்.
பிரெட் விறைத்துப்போகும்,
பிஸ்கட் இளகியே இருக்கும்.
அந்தப் பிரெட்டை எடுக்க
காக்காய்கூட இரண்டு தடவை யோசிக்கும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
அலமாரியில் இடமில்லை என்று
இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டாள்.
புதன்கிழமைக்குள்
என்னுடையது தொய்ந்து
அவளுடையது இறுகி
இரண்டும் ஒரே பதம்.
எந்தப் பதமும் இல்லாத பதம்.
"நம்ம மாதிரி" என்றாள்
சாவியைத் தந்தபடி.
சிரித்தாளா என்று
மாடிப்படி வெளிச்சத்தில் தெரியவில்லை.

படுத்தேன். தூக்கம் வரவில்லை.
எழுந்துபோய் பிரித்தேன்,
ஓமம் இந்தப் பக்கம், வெல்லம் அந்தப் பக்கம்.
என்னுடையதைச் சரிசெய்யலாம்.
ஓவனில் நூற்றைம்பதில் ஆறு நிமிடம்,
பாதி மொறுமொறுப்பு திரும்பிவிடும்.
அவளுடையதற்கு அவசரம் ஆகாது.
புதுப் பிரெட் வைத்து மூடி
ஒரு ராத்திரி காத்திருக்கணும்.
காத்திருந்தேன்,
கிரேன் மேலே, எண்பதடி உயரத்தில்.

கார்த்திகையில் புயல்.
துறைமுகத்தில் எட்டாம் எண் கூண்டு ஏற்றி
கிரேன்களைக் கட்டிப்போட்டார்கள்.
அவளுக்கு அன்று வார ஓய்வு.
கரண்ட் இல்லை.
படியில் முதல் மூன்றைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது.
தரையில் உட்கார்ந்து
இரண்டு டப்பாவையும் திறந்தோம்.
மூடி உருண்டு கட்டிலுக்கடியில் போனது.
யாரும் தேடவில்லை.
ஓமம் ஒன்று, வெல்லம் ஒன்று என்று
மாற்றி மாற்றித் தின்றாள்.
இடி விழுந்த நேரம் நான் கடித்தது
தனக்குக் கேட்கவில்லை,
இன்னொரு தடவை கடி என்றாள்.

ஈரம் வந்து சேருவதற்குள்
டப்பா காலி.
தாளைத் தூக்கி அரிசி முடிச்சைத் தூக்கி
அந்தப் பொத்தானைக்
கூந்தல் ஊசியால் நெம்பி எடுத்தாள்.
"உன் கல்யாணச் சட்டைதானே?"
இல்லை.
அந்தச் சட்டைக்கு வெள்ளைப் பொத்தான்.
ஆமாம் என்றேன்.
மழை விட்டதும் அரிசியைத்
திரும்ப வறுக்கணும்.